எட்டாம் வருஷத்து ஹயாதே

புதன்கிழமை. காலை ஒன்பது பத்து.

உசுகி மினே மேசை மேல் வைத்தது ஒரு பல்.

வேரோடு பிய்ந்து வந்த கடைவாய்ப் பல். வேரில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஹொரிகோமே கடித்துக்கொண்டிருந்த இனிப்பு பன்னை மெல்லக் காகிதத்தில் சுற்றி வைத்தான். அவனுக்குப் பசி போய்விட்டது. அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

"என் தம்பி கோஹெய்யோடது. ஓரத்துல வெள்ளி அடைச்சிருக்கு பாருங்க, நான்தான் கூட்டிட்டுப் போய் அடைச்சேன். தனக்குத்தானே தினம் நாலு ஊசி போட்டுக்கறவன், பல் டாக்டர் ஊசியைப் பார்த்து பயந்து என் கையைக் கடிச்சான். முப்பத்திநாலு வயசுல!" மினே சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அகுட்சு கஸுயே பல்லைத் தொடவில்லை. ஐம்பத்தெட்டு வயது. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் செத்தவர்களைப் பற்றியே விசாரித்து அலுத்துப் போனவள். உயிரோடு இருப்பவர்களுக்கும் கொஞ்சம் உபயோகமாக இருக்கலாமே என்று சானோ ஸ்டேஷனுக்கு எதிரே, சலவைக்கடை மாடியில், இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்து ஆறு வருஷமாகிறது. உதவியாளன் ஹொரிகோமேயைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குத் திருப்திதான்.

"நாலு ஊசின்னா, சர்க்கரையா?"

"சின்ன வயசுலேர்ந்து. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊசி போட்டுக்கிட்டு, பழைய கார் ஒண்ணு பார்த்துட்டு வந்துடறேன்னு வேன்ல கிளம்பினான். மருந்துப் பை வீட்லயே இருக்கு. இன்னிக்கு விடியக்காலைல வதராசே ஆத்து நாணல்ல நான்தான் வேனைக் கண்டுபிடிச்சேன். கண்ணாடி உடைஞ்சு கெடக்கு, சீட்டெல்லாம் ரத்தம். இந்தப் பல்லு சீட்டுக்கு அடியில இருந்தது."

"போலீஸ்?"

"வழிப்பறியாம். ஆத்துல படகு விட்டுத் தேடறாங்க." கழுத்தில் மாட்டியிருந்த, தம்பியின் மருந்து இருந்த நீல நிறக் குளிர்பையை மினே இறுக்கிப் பிடித்தாள். "டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மருந்து உள்ள போகலைன்னா அவன் எழுந்திரிக்க மாட்டானாம். அவன் செத்துட்டான்னு நெனச்சுத் தேடறாங்கம்மா. உயிரோட இருக்கான்னு நெனச்சுத் தேட ஒருத்தர் வேணும்."

அகுட்சு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "எந்த வண்டியைப் பார்க்கப் போனாரு?"

"அதுதான் தெரியல. மூணு வண்டி பார்த்து வெச்சிருந்தான்."

*

மினேயின் ராமென் கடை சானோவில் எல்லோருக்கும் தெரியும். மெஷின் நூடுல்ஸ் கிடையாது. பச்சை மூங்கிலின் ஒரு முனையைச் சுவரில் செருகி, மறுமுனையில் தொடை போட்டு ஏறி உட்கார்ந்து, குதித்துக் குதித்து மாவை அழுத்துவாள். மாவறைக்கு அடுத்ததுதான் கோஹெய்யின் ஷெட். நடுச்சுவரின் இடுக்கு வழியாக மாவு பறந்து வந்து அங்கிருந்த கருவிகள், டயர்கள், ரேடியோ எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஷெட்டில் ஒருவன் காத்திருந்தான். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"சுனாகா. கோஹெய்யோட கார் டீம் தலைவர்" என்றாள் மினே. "எட்டு வருஷமா நம்ம கடைலதான் ராச்சாப்பாடு. இருபது பையன்களை வெச்சு இவர்தான் ராப்பகலா தேடிட்டு இருக்காரு."

"அக்கா, நீங்க முதல்ல உக்காருங்க" என்று சுனாகா ஒரு டயரை உருட்டி வந்து போட்டான். நல்ல பிள்ளை என்று ஹொரிகோமே நினைத்துக்கொண்டான்.

சுவரில் மூன்று விளம்பரங்கள் குத்தியிருந்தன. மூன்றும் ஹயாதே. இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கில் ஹெய்செய் ஆறாம் வருஷம் தொடங்கி பத்தாம் வருஷத்தோடு நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார். அதை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, வேண்டியதை மாட்டி, டயர் புகையப் பக்கவாட்டில் ஓட்டுவதற்கென்றே பிறவி எடுத்த பையன்கள் தோசிகி மாகாணம் முழுக்க இருக்கிறார்கள். எந்த வருஷத்து வண்டியை வாங்கிப் பிரிப்பது என்ற சண்டையில் கல்யாணம் நின்றுபோன வீடுகூட உண்டு. வருஷத்தைச் சொல்லித்தான் வண்டியைக் கூப்பிடுவார்கள். ஆறு, எட்டு, பத்து.

ஆறு, அஷிகாகாவில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் இருந்தது. எட்டு, குசூ மலையடிவாரத்தில் பாண்டோ என்பவனின் உடைசல் யார்டில். பத்து, ஒயாமாவில் ஒரு பெரிய ஷோரூமில்.

"பத்துதான்" என்றான் சுனாகா. "கோஹெய் என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கான். ஒயாமாவுக்குப் போவோம், வாங்க."

"பத்துதான் மேடம்" என்றான் ஹொரிகோமேயும். அவன் இருபது வயதில் இதே காரை இரண்டு முறை மரத்தில் மோதியவன். அந்த அனுபவத்தில் பேசினான். "எஞ்சின் அப்படி! ஆறு வத்தக்காச்சி. எட்டுக்குப் பின்னழகே கெடையாது. பத்தை விட்டுட்டு எட்டைத் தேடறவன் கண்ணு டாக்டரைப் பார்க்கணும்."

அகுட்சுவுக்கு கார் ஓட்டத் தெரியாது. காரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. மூலையில் அடுக்கியிருந்த புதுச் சக்கரங்களைக் காட்டினாள். "இதுல அஞ்சு ஓட்டை இருக்கே, எல்லாத்துலயும் அஞ்சுதானா?"

"ஆறுக்கு மட்டும் நாலு" என்றான் ஹொரிகோமே. "சரி, ஆறு போச்சு. அதைத்தானே நானும் சொல்றேன்?"

அவள் வாசல் நிலையைப் பார்த்தாள். நிலையின் மேல்கட்டையில் பழைய துணியைச் சுருட்டி ஆணியடித்திருந்தது. "இது எதுக்கு?"

"தெனம் மண்டைல இடிச்சுக்குவான். நூத்தித் தொண்ணூத்திரண்டு சென்டிமீட்டர் வளர்ந்து தொலைச்சிட்டானே" என்றாள் மினே.

"பத்துல கூரை எப்படி ஹொரி?"

ஹொரிகோமே தன் தலைக்கு மேல் கையை வைத்து அளந்து பார்த்தான். பத்து எல்லாமே கூரையில் திறக்கும் கண்ணாடி வைத்து வந்தது. உள்கூரை நாலு விரல் தாழ்வு. "ஹெல்மெட் போட்டா... தலையைக் கழட்டி டிக்கில வெச்சிட்டுத்தான் ஓட்டணும்."

"அவ்வளவு உயரம்னா கூரையை மாத்திக்கலாமே" என்றான் சுனாகா அவசரமாக. "நாங்க மாத்தாததா?"

"மாத்தலாம்." அகுட்சு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுப் படலத்தின் நடுவே, தலையணை அளவில் இரண்டு சுத்தமான இடங்கள். "இங்க என்ன இருந்தது மினே?"

"பின்பக்க விளக்கும்மா. பத்தோட விளக்கு. பெட்டி பிரிக்காத புதுசு, கம்பெனி செய்யறதை நிறுத்தியே இருபது வருஷமாச்சாம். எங்கேயோ மூடப்போற கடைல வாங்கினான். ராத்திரி எடுத்து மடியில வெச்சுத் துடைப்பான். ஞாயித்துக்கிழமை கொழந்தையத் தூக்கற மாதிரி என் ஏப்ரன்ல சுத்தித் தூக்கிட்டுப் போனான், வண்டில வெச்சுப் பார்க்கணும்னு."

"வேன்ல இருந்ததா?"

"இல்ல. திருடனுங்க எடுத்திருப்பானுங்கன்னு போலீஸ் சொல்லுது."

"பத்தை வாங்கப் போறவன், பத்தோட விளக்கை எதுக்கு ஹொரி கையில எடுத்துட்டுப் போறான்? அதுலதான் ஏற்கெனவே மாட்டியிருக்குமே?"

ஹொரிகோமே தன் நெற்றியில் தானே படீரென்று அடித்துக்கொண்டான். பின்னழகு இல்லாத எட்டை வாங்கி, பத்தின் விளக்கை மாட்டுவது! கூரையும் உயரம், சக்கரமும் பொருந்தும். "என்னைக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க மேடம்."

"குசூவுக்குக் கூட்டிட்டுப் போ. போதும்."

சுனாகா சுவர் விளம்பரங்களை ஒரு முறை பார்த்தான். பிறகு தலையாட்டினான். "எனக்கு அந்தப் பாதை தெரியும். முன்னாடி போறேன், பின்னாலயே வாங்க."

*

அலுவலகத்தின் பெட்டிக் காரில் மினே பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவளோடு, பாதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மாவழுத்தும் மூங்கிலும் வந்தது.

"அக்கா, ராமென் போடவா போறோம்?"

"என் வீட்ல வேற என்ன ஆயுதம் இருக்கு தம்பி? பேசாம ஓட்டு."

சுனாகாவின் வெளிறிப்போன ஆறு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அகுட்சு ஊறுகாய்ப் பிளம் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த வண்டிக்கு என்ன வயசு ஹொரி?"

"முப்பது இருக்கும்."

"பின்பக்கம் மட்டும் இளமையா இருக்கு."

"மேடம்! நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்கன்னு நான் எதிர்பார்க்கல."

அவள் மிட்டாயை அடுத்த கன்னத்துக்கு மாற்றினாள். குசூ நெருங்க நெருங்கச் சாலையோரம் வெளுத்துக்கொண்டே வந்தது. மலையை வெட்டிச் சுண்ணாம்புக்கல் எடுக்கிற ஊர். மரம், கூரை, தபால்பெட்டி எல்லாம் வெள்ளைத் தூசி. பாண்டோவின் யார்டு மூன்று ஆள் உயரத் தகர வேலிக்குப் பின்னால் இருந்தது. சுனாகா இறங்கிப் போய் ஏதோ பேசினான். கேட் திறந்தது. இரண்டு வண்டிகளும் உள்ளே நுழைந்தன. உடனே பின்னால் கேட் மூடிக்கொண்டது.

"விருந்தோம்பல் பலமா இருக்கே" என்றான் ஹொரிகோமே.

அவன் சொல்லி முடிப்பதற்குள் காரின் கூரை கிழிந்தது.

உடைசல் கார்களைத் தூக்கிப் போடும் இயந்திரத்தின் இரும்பு நகங்கள் ஐந்தும் தகரத்தைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கின. ஒன்று ஹொரிகோமேயின் காதைக் கீறி சீட்டில் புதைந்தது. கண்ணாடிகள் ஒன்றாக வெடித்தன. கார் தரையை விட்டு எழும்பியது. அவன் அகுட்சுவின் பெல்ட்டை அறுக்காத குறையாகப் பிய்த்து, கதவை உதைத்து, அவளை வெளியே தள்ளினான். அடுத்து மினே மூங்கிலோடு குதித்தாள். அவன் குதிப்பதற்குள் கார் ஒரு ஆள் உயரம் போய்விட்டது. முழங்கால் தரையில் இடித்ததில் கண்ணில் பூச்சி பறந்தது.

எழுவதற்குள் முதுகில் இரும்புக் குழாய் விழுந்தது. பாண்டோ. கழுத்தே இல்லாத ஆள். இரண்டாவது அடி விலாவில். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் ஹொரிகோமேக்கே கேட்டது.

"அண்ணே... ஒரு பழைய கார் விலை விசாரிக்கலாம்னுதான்..."

மூன்றாவது அடி தலைக்கு வந்தது. அவன் உருண்டான். குழாய் தரையில் மோதிப் பொறி பறந்தது. அவன் பாண்டோவின் காலைக் கட்டிக்கொண்டு, கெண்டைச் சதையில் பல்லைப் பதித்தான். பாண்டோ அலறினான். அந்த அலறலின் நடுவே மினேயின் மூங்கில் சுழன்று வந்து அவன் முழங்காலில் இறங்கியது. தினம் இருநூறு பேருக்கு மாவழுத்துகிற கை. முழங்கால் போகக்கூடாத பக்கம் போனது. பாண்டோ விழுந்ததும் ஹொரிகோமே அவன் முகத்தில் தன் நெற்றியால் இரண்டு முறை முட்டினான். மூக்கு உடைந்து ரத்தம் இருவர் மேலும் தெறித்தது.

அந்தப் பக்கம் சுனாகா இயந்திரத்தில் ஏறி, ஓட்டுகிறவனோடு கட்டிப் புரண்டான். ஓட்டுகிறவன் எகிறிக் குதித்து, வேலி ஓட்டை வழியாக மலைப்பக்கம் ஓடிவிட்டான். கவ்வியிருந்த கார் மேலிருந்து விழுந்து சப்பையானது.

"தப்பிச்சிட்டான்!" சுனாகா மூச்சிரைக்க வந்தான். உதட்டில் சின்னக் கீறல்.

மினே பாண்டோவின் தொண்டையில் மூங்கிலை வைத்து அழுத்தினாள். "என் தம்பி எங்கடா?"

பாண்டோ ரத்தத்தைத் துப்பினான். "எந்தத் தம்பி? ஞாயித்துக்கிழமை ஒருத்தன் வந்தான், எட்டைப் பார்த்தான், பிடிக்கலைன்னு போய்ட்டான்."

"பிடிக்கலையா? பார்த்துடுவோம்" என்று ஹொரிகோமே விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

எட்டு ஒரு தார்ப்பாய்க்கு அடியில் பளபளவென்று நின்றிருந்தது. அவன் உள்ளே தலையை விட்டு முன்சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தான். பெல்ட்டின் அடிமுனையில் ஒரு துணித்துண்டு தைத்திருப்பார்கள், அதில் செய்த வருஷம் இருக்கும். பிறகு பின்சீட் பெல்ட்டை இழுத்தான். கீழே கிடந்த தரைவிரிப்பையும் கிழித்துப் பார்த்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"முன் பெல்ட்டு பத்து. பின் பெல்ட்டு ஆறு. நடுத்தரைல குறுக்க வெல்டிங். முன்னாடி நசுங்கின வண்டியையும் பின்னாடி நசுங்கின வண்டியையும் பாதிப்பாதியா வெட்டி ஒட்டி, கூரையும் சக்கரமும் மாத்தியிருக்கானுங்க மேடம். பத்தையும் ஆறையும் கூட்டி, ரெண்டால வகுத்து, எட்டுன்னு விக்கிறானுங்க!"

"ஒட்டினா என்ன ஆகும்?"

"வேகமா ஒரு வளைவுல போனா டிரைவர் முதுகுக்குப் பின்னால ரெண்டா போகும். போன வருஷம் ஒருத்தன் அப்படித்தான் போனான். ஓட்டத் தெரியாதவன்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டோம்." அவன் தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடினான். தானும் அப்படிப் பேசியவன்தான்.

"கோஹெய்யும் இதே பெல்ட்டை இழுத்துப் பார்த்திருப்பாரு" என்றாள் அகுட்சு. "பார்த்ததை வெளில சொல்லக்கூடாதுன்னு அடிச்சிருக்காங்க."

"இங்க அவன் இல்லை அக்கா" என்றான் சுனாகா. குரல் உடைந்திருந்தது. "இருந்தா இவன் இப்ப சொல்லியிருப்பான். ஆத்துக்கே போவோம். மணி ரெண்டாகுது, பொழுது போய்டும்."

"கொஞ்சம் இருங்க" என்ற அகுட்சு அவனுடைய காரின் பின்பக்கம் போனாள். "இந்த விளக்கு எப்ப மாட்டினீங்க?"

"இதுவா? ரெண்டு வருஷம் இருக்கும். எதுக்குக் கேக்கறீங்க?"

அவள் விளக்குக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த ரப்பர் இடுக்கில் சுண்டுவிரலை விட்டு இழுத்தாள். விரல் நுனியில் வெள்ளையாக வந்தது.

"சுண்ணாம்புக்கல் தூசி மேடம்" என்றான் ஹொரிகோமே. "இந்த ஊர்ல பல்லுக்கு நடுவுலகூட இருக்கும்."

அகுட்சு விரலை நாக்கில் வைத்தாள். மெல்லச் சப்பினாள். பிறகு கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்துக் காட்டினாள். நூல் மாதிரி இழுத்தது.

"கல்லுத் தூசின்னா நறநறன்னு இருக்கணும். இது பசையாகுது. கோதுமை மாவு." அவள் சுனாகாவைப் பார்த்தாள். "மினே கடை மாவு. வேற எவனா இருந்தாலும் இதை ஆத்துல வீசிட்டுப் போயிருப்பான். உங்களுக்கு மனசு வரல. நாட்டுலயே நாலு ஜோடி இல்லாத விளக்கை எந்தக் கார்க்காரன் தண்ணில போடுவான்? நாலே நாள் பொறுக்க முடியாம மாட்டிக்கிட்டு, எங்களுக்கு முன்னாடியே ஓட்டிட்டு வேற வந்தீங்க."

மினே மூங்கிலோடு அவன் பக்கம் திரும்பினாள். "சுனாகா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் ஹொரிகோமேக்கு உறைத்தது. இருபது பையன்களை வேறு எங்கெங்கோ அலையவிட்டு, இந்தப் பக்கம் ஒருத்தனையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டது யார்? ஒயாமாவுக்கு இழுத்தது யார்? கேட்டில் பேசி இந்த அடியை ஏற்பாடு செய்தது யார்? ஹொரிகோமே பாய்ந்தான். தாமதமாகிவிட்டது. சக்கரம் கழற்றும் சிலுவை ஸ்பானர் அவன் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்து கை தொங்கியது. அடுத்த அடியில் அகுட்சு சுருண்டு விழுந்தாள். சுனாகா மினேயின் கழுத்திலிருந்த நீலப் பையை வாரோடு அறுத்துப் பிடுங்கிக்கொண்டு காருக்குப் பின்வாங்கினான்.

"கேட்டைத் திற. இல்லாட்டி மருந்து மண்ணுல."

"திறக்கிறேன்!" மினே மூங்கிலைக் கீழே போட்டாள். "திறக்கிறேன்டா, போயிடு. போலீசுக்குச் சொல்ல மாட்டேன். அவன் எங்கன்னு மட்டும் சொல்லு. உன் கால்ல விழறேன்."

ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். கேட் திறந்தது.

"நான் ஒண்ணும் கொலைகாரன் இல்லக்கா" என்றான் சுனாகா. "ஒட்டற வேலை என்னுது. அவன் பாதில வந்து பார்த்துட்டான். வாயை மூடுறான்னு கெஞ்சினேன், கேக்கல. அடிச்சேன். ஆனா கொல்லல. நான் எதுக்குக் கொல்லணும்? மூணு நாள் சும்மா விட்டா சர்க்கரையே பார்த்துக்கும். நாளைக்கு நாணல்ல கெடைச்சிருப்பான். வழிப்பறில அடிபட்டான், மருந்து இல்லாம செத்தான். அவ்வளவுதான்."

பையைக் கீழே போட்டான். குதிகாலால் மிதித்தான். உள்ளே கண்ணாடிக் குப்பிகள் நொறுங்கின.

மினே குனிந்து மூங்கிலை எடுத்தாள். அவன் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபோது மூங்கிலின் முனை அவன் தோள்பட்டையில் இடித்தது. காறை எலும்பு முறிந்தது. ஸ்பானரை வீசினான். அவள் நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் வழிந்தது. அவள் நிற்கவில்லை. முழங்கையில், விலாவில், கீழே விழுந்த பிறகு முதுகில், மறுபடி முதுகில். மூங்கில் நீளவாக்கில் பிளந்தது. பிளந்த மூங்கிலாலும் அடித்தாள்.

"அக்கா! செத்துட்டா வாயைத் திறக்க மாட்டான்!" ஹொரிகோமே ஒற்றைக் கையால் அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தான்.

"எங்கடா? எங்கடா?"

சுனாகா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். பாண்டோவும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆயிரம் உடைசல் கார்கள், மூன்று மூன்றாக அடுக்கி, மலையடி வரைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் இரண்டு நாள் ஆகும். வெயில் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. ஹொரிகோமேக்கு அழுகை வந்தது. வலியில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அகுட்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்து, போனில் ஆம்புலன்சுக்கு வழி சொல்லிக்கொண்டே அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹொரி, எல்லா வண்டி மேலயும் தூசி எவ்வளவு இருக்கு?"

"ஒரு விரக்கடை. எதுக்கு?"

"நாலாவது வரிசைல மேல ஒரு பச்சை வேன் இருக்கு. அது பச்சையா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியுது?"

அவன் பார்த்தான். மலை முழுக்க வெள்ளை. அந்த ஒரு வேன் மட்டும் நிறத்தோடு இருந்தது. நாலு நாளைக்குள் வெளியிலிருந்து வந்து மேலே ஏறியது.

மினே அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் காலை வைத்து, உடைந்த கண்ணாடியில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, மூன்றாவது தட்டுக்கு ஏறினாள். ஹொரிகோமே ஒற்றைக் கையோடு பின்னால் ஏறினான். வேனின் பின்கதவைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முறுக்கை அவள் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

நீளமான ஒரு உடம்பு உள்ளே மடங்கிக் கிடந்தது. முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. மணிக்கட்டில் கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை. ஓடி வந்தவனைப் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"மேடம்!" ஹொரிகோமே கீழே பார்த்துக் கூவினான். "மூச்சு விடறான்! உயிர் இருக்கு!"

மினே தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மண்டையை இடிச்சுக்காம படுடா" என்றாள். அவன் மணிக்கட்டுக் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

*

ஆம்புலன்ஸ் பதினோரு நிமிஷத்தில் வந்தது. பின்னாலேயே போலீஸ் வண்டிகள் இரண்டு வந்தன. மேலிருந்து இறக்கியதும் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இன்சுலின் தயாராக இருக்கிறது, நேரத்துக்குத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்றார் ஆம்புலன்ஸ்காரர். ஹொரிகோமே முறிந்த கையோடு அவருக்குத் தலைதாழ்த்தி வணங்கினான். வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தரையில் சுனாகா முனகினான். "அக்கா... தண்ணி..."

மினே ஆம்புலன்ஸ் படியில் வைத்த காலை எடுத்து, அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமும் மாவும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் அவளைத் தடுக்கக் கையை நீட்டி, முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தே. திங்கக்கெழமை வந்தே. நேத்தும் வந்தே" என்றாள். "தேடித் தேடிக் கால் வலிக்குதுக்கான்னே. அவன் எந்நேரமும் வந்துடுவான்னு தெனம் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வெச்சிருந்தேன். அவனுக்காக அலைஞ்சுட்டு வந்திருக்கியேன்னு, அவன் கிண்ணத்தை எடுத்து உனக்குப் போட்டேன்டா. மூணு நாளும். ஒரு சொட்டு சூப்பு மிச்சம் வைக்காம குடிச்சியே."

சுனாகா முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி நடந்து ஆம்புலன்சில் ஏறினாள். உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி கிளம்பியது.